பஞ்சாமிர்தம் சாப்பாட்டில் சேராது

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் இயந்திரம் சர்க்கரையை எண்ணாகச் சொல்கிறது. எங்கள் காலத்தில் சர்க்கரைக்கு நிறம் இருந்தது. இரத்தத்தைத் தெளிய வைத்து, மருந்து விட்டு, கொதிநீரில் நிறுத்தி எடுத்தால் கண்ணாடிக் குழாயில் மெல்ல நீலம் எழும். சர்க்கரை குறைவென்றால் மழை பெய்து ஓய்ந்த காலை வானம். அதிகமென்றால் பேனா மை. இரண்டுக்கும் நடுவே எத்தனை நீலம் உண்டு என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவத்தான் என்னை எடுத்தார்கள். ஐந்தே வருடத்தில், குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து நான் சொல்லும் எண்ணும் கருவி காட்டும் எண்ணும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். சீமையில் படித்து வந்த டாக்டர்கள் என்னோடு பந்தயம் கட்டித் தோற்றுக் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். காப்பியைக் குடித்தவன் நான்.

குடல் ஹார்மோன் என்று இன்று நீங்கள் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்கிறீர்கள். அதைப் போலவே செய்து ஊசியாகவும் போடுகிறார்கள். அந்தப் பெயரெல்லாம் எங்கள் காதில் விழுவதற்கு முன்பே, அறுபதுகளின் நடுவில், இதே சிங்கப்பூரில், அது செய்யும் வேலையை நான் என் கண்ணால் பார்த்தேன். என் சாமர்த்தியத்தால் பார்க்கவில்லை. என் தவறால் பார்த்தேன். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எங்கள் டாக்டர் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். சீனர், இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர், அதிகம் சிரிக்காதவர். சர்க்கரை நோய் இல்லாத ஆளின் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றினால் அது எந்த வேகத்தில் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தானே நோயாளியுடையது எவ்வளவு மெத்தனம் என்று சொல்ல முடியும்? ஆஸ்பத்திரி ஊழியர்களே சோதனைக்கு முன்வந்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். முதலில் ஒரு குழாய் இரத்தம். பிறகு கை நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஊசி. அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒரு குழாய், ஒரு மணி நேரம். மொத்தம் ஏழு. ஒவ்வோர் ஆளும் சில வாரம் விட்டு இரண்டு முறை வருவார். இரண்டு முறையும் நீலம் ஒரே மாதிரி வெளுக்க வேண்டும்.

என் வேலை எளிமையானது. வந்தவரிடம் சாப்பிட்டாரா என்று கேட்பது, இல்லையென்றால் தாளில் உள்ள கட்டத்தில் ஒரு சரிக் குறி போடுவது, கையைப் பிடித்துக்கொள்வது, குழாய்களை உடனுக்குடன் ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோவது. ஆங்கிலத்தில் எனக்கு எழுத வந்தது அந்தச் சரி ஒன்றுதான். அதை மிக அழகாகப் போடுவேன்.

சலவைப் பிரிவில் நீராவி இஸ்திரி போடும் ஆறுமுகம் இரண்டாம் முறையாக வந்த நாள், தைப்பூசத்துக்கு மறுநாள். ஜன்னல் திரை காற்றில் ஊதி அடங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தான். கதவருகே அவன் மனைவி வள்ளியம்மை நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றாள். முந்தின நாள் பால்குடம் எடுத்தவள். கையில் சின்னத் தூக்குச் சட்டி.

"அண்ணே, டேங்க் ரோட்டு முருகன் கோயில் பிரசாதம். நேத்து கூட்டத்துல நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள இவரு தூங்கிட்டாரு. வாயில போட்டுட்டுப் போயிடுறேன்."

"வாங்க, வாங்க. டாக்டர் வர இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

ஆறுமுகம் எழுந்து உட்கார்ந்து வலது கையை நீட்டினான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை. தின்றான். இன்னொன்று. தின்றான். உள்ளங்கையை நக்கி, மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டான். நானும் கையை நீட்டினேன். அப்படி ஒரு பஞ்சாமிர்தத்தை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. வாழைப்பழமும் வெல்லமும் தேனும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, பேரீச்சை அங்கங்கே பல்லில் பட்டு, ஏலக்காய் மூக்கு வரை ஏறியது. நானும் தலையில் தடவிக்கொண்டேன்.

வள்ளியம்மை போனாள். டாக்டர் வந்தார். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம்.

"பெலும், டாக்டர்." இன்னும் இல்லை என்று நான் சொன்னேன். ஆறுமுகமும் தலையாட்டினான். சரி போட்டேன்.

சிரிக்காதீர்கள். அந்த நொடியில் எங்கள் இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்பது தட்டில் இருப்பது, பசிக்காகத் தின்பது. பிரசாதம் சாமியிடமிருந்து வருவது. அதை வேண்டாம் என்று சொன்னால் தவறு, வாங்கிக்கொண்டால் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. நாற்பது நாள் ஒரு பொழுது இருப்பவர்கூடப் பிரசாதம் வாங்கிவிட்டு விரதம் கெட்டது என்று சொல்லமாட்டார். எங்கள் ஆட்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அன்று மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு வரிசைக் குழாய்கள். மேல் வரிசை ஆறுமுகத்தின் முதல் சோதனை எண்களுக்கு உரிய நிறத்தை, அளந்து கரைத்த சர்க்கரைத் தண்ணீரில் அப்படியே திரும்பச் செய்து வைத்தது. கீழ் வரிசை அன்று எடுத்தது. ஊசிக்குப் பிறகு மேல் வரிசையின் நீலம் படிப்படியாக இறங்கியது. கீழ் வரிசை நான்காவது குழாயிலேயே வெளுத்துவிட்டது. படிக்கட்டில் கால் தவறியது போல.

"குழாய எங்க வெச்சே?"

"ஐஸ் பெட்டியில, டாக்டர்."

"உடனேவா? இல்ல காப்பி குடிச்சிட்டு வந்தா?"

அவர் சந்தேகம் உங்களுக்குப் புரியும். எடுத்த இரத்தம் வெக்கையில் நின்றால் அதுவே தன் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். எண் குறையும். நான் காப்பிப் பிரியன் என்பதும் ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

"உடனேதான் வெச்சேன்."

அவர் பேனாவை மூடினார். "ஒருத்தன் தப்பு பண்றது இயற்கை. குழாயக் கவனிக்காம விட்டுட்டேன்னு ஒத்துக்கோ. இந்த எண்ணக் கிழிச்சுப் போட்டுடுறேன். உன்ன எச்சரிச்சதா ஒரு வரி எழுதுவேன், அவ்வளவுதான். மாசக் கடைசியில உன் கடிதத்துல கையெழுத்துப் போடுறேன். நாளைக்குச் சொல்லு."

அந்தக் கடிதம் என்னை நிரந்தர ஊழியன் ஆக்கும் கடிதம். அதுவரை நான் தினக்கூலி. நிரந்தரம் ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு. ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, சொந்தமாக ஒரு தண்ணீர்க் குழாய். நாங்கள் அப்போது பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புக்குள் இருந்தோம். என் மனைவி பாக்கியத்துக்கு ஏழு மாதம். கீழே போய்த் தண்ணீர் தூக்கிக்கொண்டு செங்குத்தான படியேறி வருவாள். பாதிப் படியில் நின்று சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். அந்த மூச்சுச் சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை கேட்கும். குவார்ட்டர்ஸுக்குப் போகத் தட்டுமுட்டுச் சாமான்களில் பாதியை அவள் ஏற்கெனவே சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

வேலை முடிந்து சிராங்கூன் ரோட்டில் நடந்து வந்தேன். ஒரு சின்னப் பொய் போதும். கவனிக்காமல் விட்டேன் என்று ஒரு வார்த்தை. மல்லிகைச் சரங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்கால வெயில் அந்தத் துளிகளில் நின்று கொண்டிருந்தது. எனக்கு எதைப் பார்த்தாலும் கண்ணாடிக் குழாயாகத் தெரிந்தது. சைக்கிள் கடையில் தொங்கிய டியூப்கள், பாத்திரக் கடையில் அடுக்கிய தம்ளர்கள், எல்லாவற்றிலும் நீலம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழக்கடை முன்னால் கால் தானாக நின்றது. வெக்கையில் கனிந்த வாழைத்தார். பக்கத்து மளிகைக் கடை வாசலில் திறந்து வைத்த வெல்ல மூட்டை. இரண்டு வாசனையும் நடுவழியில் கலந்து என் முகத்தில் பட்டன. வாயில் தண்ணீர் ஊறியது. வயிறு விழித்துக்கொண்டது. நான் இன்னும் எதையும் தின்னவில்லை. ஆனால் உள்ளே எங்கோ ஓர் ஆள் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விருந்து வரப்போகிறது என்று யாரிடமோ சொல்லப் புறப்பட்டுவிட்டான்.

காலையில் என் உள்ளங்கையில் இருந்த வாசனை அது.

நேரே ஆறுமுகம் வீட்டுக்குப் போனேன். கம்போங் காப்பூரில், நாலு தெரு தள்ளி. வள்ளியம்மை கதவைத் திறந்தாள்.

"ஏம்மா, இன்னைக்குக் காலையில பஞ்சாமிர்தத்த தவிர இவன் வேற என்ன சாப்பிட்டான்?"

"வேற என்னன்னா? அவரு ஒண்ணுமே சாப்பிடலண்ணே. நீங்கதான வெறும் வயித்தோட வரச் சொன்னீங்க?"

"பஞ்சாமிர்தம் சாப்பிட்டான்ல?"

அவள் முகம் மாறிவிட்டது. "சாமி பிரசாதத்தப் போயி சாப்பாடுன்னு சொல்றீங்களே, கன்னத்துல போட்டுக்குங்க முதல்ல."

போட்டுக்கொண்டேன். ஆறுமுகம் உள்ளேயிருந்து வந்தான். விஷயத்தைச் சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? இனிப்பு தின்னா சர்க்கரை ஏறணுமா, எறங்கணுமா?"

"ஏறணும்."

"எனக்கு எறங்கியிருக்கு. இத நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்கன்னா அவரு உங்கள நம்ப மாட்டாரு லா. நேரா உட்பிரிட்ஜுக்குத்தான் அனுப்புவாரு."

உட்பிரிட்ஜ் என்றால் மனநோய் ஆஸ்பத்திரி. அவன் சொன்னதில் தப்பில்லை. சொல்லாத குற்றம் ஒன்று, சொன்னால் யாரும் நம்பாத உண்மை ஒன்று, சொன்னால் உடனே நம்பக்கூடிய பொய் ஒன்று. மூன்றையும் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினேன். பாக்கியம் சாக்கில் இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எங்கள் கூடத்து மூத்த டெக்னீஷியனிடம் சொன்னேன். சீனப் பெண்மணி. மூத்த அக்கா என்ற பொருளில் அவரை எல்லாரும் துவாச்சி என்று கூப்பிடுவோம். எனக்கு நீலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். இதை நான் வெளியில் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் குழாய் கழுவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கையைத் துடைத்தார்.

"குழாய நீ சரியா வெச்சியா?"

"சரியா வெச்சேன்."

"அப்ப அந்த எண் சரி. நீ பொய்யா ஒத்துக்கிட்டா அவர் அதக் கிழிச்சுப் போடுவார். சரியான எண்ணக் கிழிக்க விடாத. உன் வேலையப் பத்தி நீ என்ன முடிவு வேணும்னாலும் எடு. ஆனா அந்த எண் உன்னோடது இல்ல."

"வேலை போயிடுமே, துவாச்சி."

"போகலாம்" என்றார். அடுத்த குழாயை எடுத்தார்.

டாக்டர் அறை வாசலில் நின்றபோது நேர்மை என்னைத் தள்ளியது என்று எழுத ஆசைதான். உண்மையில் தள்ளியது கர்வம். ஒரு குழாயைக்கூட வெக்கையில் விட்டவன் இல்லை நான். ஆஸ்பத்திரியில் அதுதான் என் பெயர். அந்தப் பெயரை என் வாயாலேயே கெடுத்துக்கொள்ள நாக்கு வரவில்லை. எந்தக் காரணத்துக்காக உண்மை சொன்னோம் என்பது பெரிதில்லை பிள்ளைகளே, சொன்னோமா என்பதுதான்.

"டாக்டர், குழாய் ஒழுங்காத்தான் இருந்துச்சு. நான் போட்ட சரிதான் தப்பு."

பஞ்சாமிர்தத்தை விளக்கினேன். வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை, நெய். ஒவ்வொன்றுக்கும் அவர் புருவம் ஒரு படி ஏறியது.

"இத்தனையும் தின்னுட்டு வெறும் வயிறுன்னு சொன்னியா?"

"அது சாமி கொடுத்தது, டாக்டர். சாப்பாடுன்னு தோணல."

"எந்தச் சாமி கொடுத்ததுன்னு குடலுக்குத் தெரியுமா?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அதோட, இத்தனை இனிப்பு உள்ள போனா எண் ஏறியிருக்கணும். எறங்கியிருக்கு. ஒரு தப்ப மறைக்க இன்னொரு கதை கொண்டு வந்திருக்கே."

அப்போது எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, மேசையில் இன்னும் இருந்த இரண்டு வரிசைகளையும் காட்டினேன். "முதல் குழாயப் பாருங்க. ரெண்டு வரிசையிலயும் ஒரே நீலம். ரெண்டாவதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வெக்கை தின்னிருந்தா முதல் குழாயையும் சேர்த்துத் தின்னிருக்காதா? அதுதான அதிக நேரம் காத்திருந்துச்சு? ஊசி போட்ட பொறவுதான் ஓட்டமா எறங்குது. எறங்கினது ஐஸ் பெட்டியில இல்ல, ஆறுமுகம் உடம்புக்குள்ள."

டாக்டர் முதல் குழாய்கள் இரண்டையும் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நான் எப்படிப் பிடிப்பேனோ அப்படி. நெடுநேரம் பார்த்தார்.

"என் மேல செஞ்சு பாருங்க" என்றேன். "ஒரு நாள் சும்மா. ஒரு நாள் பஞ்சாமிர்தத்தோட. குழாயத் துவாச்சி தொடட்டும், நான் தொடல."

முதல் சனிக்கிழமை பட்டினியோடு படுத்தேன். ஒன்றும் விசேஷமில்லை. அடுத்த சனிக்கிழமை வள்ளியம்மை வீட்டிலேயே பஞ்சாமிர்தம் பிசைந்து கொண்டுவந்தாள். இது பிரசாதம் இல்லை, சாமிக்குக் காட்டவில்லை, ஆகவே சாப்பாடுதான் என்று டாக்டருக்கு முன்னால் தமிழிலேயே அறிவித்தாள். டாக்டர் அதைத் தராசில் நிறுத்தார். இரண்டு உருண்டை தின்றேன். பத்து நிமிடம் கழித்து நரம்பில் ஊசி ஏறியது.

அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்றும் சில சமயம் கண்ணை மூடி அழைத்துக்கொள்வதுண்டு. கூரை விசிறி மெல்லச் சுற்றியது. ஊசி போன இடத்திலிருந்து கை முழுவதும் வெதுவெதுப்பு பரவி, நாக்கின் அடியில் காரணமில்லாமல் ஓர் இனிப்பு எழுந்தது. நான் ஒரு பெரிய வீடு போலவும், அதன் பின்கட்டில் பூட்டிய கதவைத் திறந்து ஒருவர் சர்க்கரை மூட்டைகளைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டிருப்பது போலவும் இருந்தது. முன்வாசல் காவல்காரனுக்கு அது தெரியவில்லை. ஆனால் அதே நேரத்தில் முன்வாசல் வழியாக என் இரண்டு உருண்டைகள் விபூதியும் மேளமுமாக வந்துகொண்டிருந்தன. காவல்காரன் அவற்றைப் பார்த்தான். உடனே உள்ளே ஆள் அனுப்பினான். அந்த ஆள் இருட்டான சிவப்பு வாய்க்கால்களில் நீந்திப் போய், வெகுதூரத்தில் தூங்கிக்கொண்டிருந்த களஞ்சியக்காரனைத் தட்டி எழுப்பினான். களஞ்சியக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முன்வாசல் மூட்டை, பின்வாசல் மூட்டை என்று பார்க்காமல் எல்லாம் உள்ளே போயின.

நான் தூங்கவில்லை. துவாச்சி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து குழாயை நிரப்பிக்கொண்டு போனது தெரிந்தது.

மத்தியானம் அவர் இரண்டு வரிசைகளைக் கட்டில் அருகே கொண்டுவந்து வைத்தார். நான் பார்த்தேன். மேல் வரிசை நிதானமாக வெளுத்தது. கீழ் வரிசை நான்காவது குழாயில் மழை ஓய்ந்த காலை வானம்.

டாக்டர் அன்றும் சிரிக்கவில்லை. ஒருவன் உடம்பை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார். அடுத்த சில நாட்களில் பட்டினி நாளையும் பஞ்சாமிர்த நாளையும் முறை மாற்றி என் மேலும் ஆறுமுகத்தின் மேலும் மறுபடி செய்தார். பஞ்சாமிர்தம் தின்ற நாளெல்லாம் நீலம் ஓடியது. கடைசியில் ஒரு நாள் தாளில் வயிறு ஒன்று வரைந்து எனக்குச் சொன்னார். ஊசியில் போகும் சர்க்கரை குடலைத் தொடுவதில்லை. வாய் வழியே போவது குடலைத் தொடுகிறது. தொட்டதும் குடல் ஏதோ ஒன்றைச் சுரந்து இரத்தத்தில் விடுகிறது. அது கணையத்துக்குப் போய் இன்னும் கொஞ்சம் இன்சுலினை வரவழைக்கிறது.

"அந்த ஏதோ ஒண்ணோட பேரு என்ன டாக்டர்?"

"எனக்குத் தெரியாது" என்றார். பெரிய படிப்புப் படித்தவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மரியாதை கூடியது.

வெளிநாடுகளில் இதைப் பெரிய அளவில், சரியான முறையில் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள் என்று கப்பலில் வந்த மருத்துவ ஏடு ஒன்றிலிருந்து பிறகு படித்துக் காட்டினார். அதனால் என்ன? பஃபலோ ரோட்டில் அது எனக்குத்தான் முதலில் தெரியும். ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எந்தச் சர்க்கரை நோயாளிக்கும் இனிப்பு கொடுத்துவிடாதீர்கள். அவர்களுடைய களஞ்சியக்காரன் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டான்.

மாதக் கடைசி வந்தது. டாக்டர் கூப்பிட்டார்.

"நீ சொன்னது உண்மை. குழாயில தப்பில்ல. ஆனா உன் கடிதம் ஆறு மாசம் தள்ளிப் போகுது."

"நான் சொன்னதுதான சரியாப் போச்சு, டாக்டர்?"

"சரியாப் போனது உன் அதிர்ஷ்டம். என் தாள்ல பொய்யான ஒரு சரி இருந்துச்சு. அதுக்குத்தான் ஆறு மாசம்."

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்து, சாக்கின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஒரு குண்டானை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"ஒரு வாய் பஞ்சாமிர்தத்துக்கு ஒரு வீட்டக் கொடுத்த மனுசன் இந்தச் சிங்கப்பூர்லயே நீங்க ஒருத்தர்தான். இதையும் போய் நாலு பேருகிட்ட பெருமையாச் சொல்லுங்க."

இரண்டாவது குண்டானையும் வைத்தாள். "அவரு கேட்ட மாதிரி ஒத்துக்கிட்டிருந்தா கடிதம் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை ஒரு குடம்கூட அவள் தூக்கவில்லை. எங்கள் மூத்த மகள் அந்தப் பலகைத் தடுப்புக்குள்தான் பிறந்தாள்.

அந்த மாதங்களில் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். சாப்பிட்டீங்களா என்று கேட்பதை விட்டேன். தூங்கி எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன பட்டது என்று கேட்டேன். தமிழருக்கு ஒரு விதம், மலாய்க்காரருக்கு ஒரு விதம், சீனருக்குத் துவாச்சியை வைத்துக்கொண்டு ஒரு விதம். எத்தனை வெளிவந்தது தெரியுமா! துளசித் தீர்த்தம், வெற்றிலை, இருமல் மருந்து, மந்திரித்த தண்ணீர், குழந்தைக்கு ஊட்டும்போது ருசி பார்த்த கஞ்சி. கேட்ட கேள்விக்கு எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கேள்விதான் போதாமல் இருந்தது.

நான்காவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிச் சமையற்கட்டு அந்தோணி சோதனைக்கு வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், பூசை தவறாதவர்.

"அந்தோணியண்ணே, எந்திரிச்சதுலேருந்து வாயில என்ன பட்டுச்சு?"

"பச்சத் தண்ணி கூட இல்லப்பா. காலையில பூசைக்குப் போனேன். நேரா இங்க வர்றேன்."

"பூசையில?"

"பூசையில என்ன? நன்மை வாங்குனேன்."

நற்கருணை அப்பத்தை அவர்கள் நன்மை என்பார்கள். நான் தாளை எடுத்தேன். ஆங்கிலத்தில் எழுத வராது என்பதால் தமிழிலேயே கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். அந்தோணி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா எழுதுற? ஆண்டவரோட திருவுடல் அது. அதப் போயித் தீனிக் கணக்குல எழுதுற! நகத்தளவு கூட இருக்காது."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. எங்க முருகனையும் இதே எடத்துலதான் எழுதியிருக்கணும். எழுதாம விட்டுட்டு நான் பட்டது போதும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். டாக்டர் வந்து தாளைப் பார்த்தார். கட்டத்தில் சரி இல்லை. பக்கத்தில் அவருக்குப் புரியாத எழுத்தில் ஒரு வரி.

"என்ன இது?"

"அப்பம், டாக்டர். மாதா கோயில்ல கொடுத்தது. நகத்தளவு."

"இது ஒண்ணும் செய்யாது."

"செய்யுமா செய்யாதான்னு பாக்குறது உங்க வேலை, டாக்டர். வாயில பட்டத எழுதுறது என் வேலை."

சொன்ன பிறகுதான் என் வாய் எவ்வளவு நீளம் என்று எனக்கே உறைத்தது. டாக்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தோணியிடம் போய், பூசை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். பூசை இல்லாத நாளே கிடையாது, வேண்டுமானால் பூசைக்கு முன்னால் விடியற்காலை வருகிறேன் என்றார் அந்தோணி. சரி, நானும் விடியற்காலை வருகிறேன் என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் என் கடிதம் வந்தது. ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆங்கிலக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. துவாச்சி படித்துச் சொன்னார். கடைசியில் டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில், தட்டச்சுக்கு வெளியே, பேனாவால் ஒரு குறி போட்டிருந்தது. அதை மட்டும் யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு சரி. என்னுடையதைப் போல அவ்வளவு அழகாக இல்லை.